வரைபடத்தில் மட்டும் இருந்த மலை

கல்வித்துறை அச்சிட்ட கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மின்னணு நிலவரைபட ஒருங்கிணைப்பாளர்: நவீனக் கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர், புவியியல் தரவுகளைப் பகுத்தாயும் பயிற்சி பெற்றவர், தலைமைப் பண்பும் தெளிந்த குரலும் உடையவர், எந்நிலையிலும் மேலதிகாரிகளின் வழிகாட்டுதலின்படி செயல்படுபவர்."

இந்தப் பதவியில் இருந்தவரைப் பள்ளியில் உருண்டை டீச்சர் என்பார்கள். ஆள் என்னவோ ஈர்க்குச்சி. பதினோரு வருடங்களாக அந்த உயர்நிலைப் பள்ளியின் புவியியல் கருவி ஒரே ஓர் உலக உருண்டைதான். அதன் தாங்கி உடைந்துவிட்டதால் மேசைமேல் வைத்தால் உருண்டு ஓடும். ஆகவே அவர் அதை இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். பெயர் அப்படி வந்தது. நவீனக் கருவி என்று பார்த்தால், வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடக் கணவரிடம் நீட்டிவிடுகிறவர். பயிற்சி ஒன்றரை நாள். அதில் அரை நாள் தொடக்க விழா. குரல் மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும். பதவி வந்த விதம் இன்னும் எளிது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் "யார் ஏத்துக்கறீங்க?" என்று கேட்டபோது எல்லாரும் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்கள். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் தலையை ஆட்டவில்லை. அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பள்ளி ஒரு பழைய கிடங்கில் நடந்தது. ஐந்து ஆள் உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் தகரக் கூரை, மாடி கிடையாது. உள்ளே மரத்தட்டிகளை நிறுத்தி ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் சொல்கிற வேடிக்கைக்குப் பத்தாம் வகுப்பு சிரிக்கும். ஜன்னல்கள் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. சுவரில் தலைக்கு மேலே வரிசையாகச் சதுரச் சதுரமாகக் குழிகள் இருந்தன. கணக்கு வாத்தியார் பெஞ்சில் ஏறி அவற்றில் சாக்பீஸ் டப்பா வைப்பார். வெளிச்சுவரில் மார்பு உயரத்தில் பதினாறு இரும்பு வளையங்கள் தொங்கின. பிள்ளைகள் அவற்றில் பையை மாட்டுவார்கள். நில அமைப்பைப் பற்றி வருடத்துக்கு நாற்பது வகுப்பு எடுத்த டீச்சர், அந்த வளையங்கள் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. பை மாட்டத்தான் என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்.

இருபது டேப்லெட்டுகள் ஒரு மார்ச் மாதம் வந்து இறங்கின. இன்டர்நெட் வராது, தேவையானதெல்லாம் உள்ளேயே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சார்ஜ் போட உருப்படியான பிளக் தலைமையாசிரியர் அறையில் மட்டும் இருந்தது. ஒரு சமயத்தில் நான்கைத்தான் போடலாம், அதுவும் அவருடைய மின்விசிறியை நிறுத்தினால். புவியியல் வளர வேண்டுமானால் தலைமையாசிரியர் வியர்க்க வேண்டும் என்ற நிலை. பெரிய மனது பண்ணி வியர்த்தார்.

குறை சொல்லக் கூடாது. அந்த டேப்லெட்டுகள் வந்தபின் ஒன்பதாம் வகுப்பு மாறித்தான் போயிற்று. நாலு பேருக்கு ஒன்று. விரலால் விரித்தால் பனிமலை கிட்டே வந்தது, எரிமலையின் வாய் தெரிந்தது, ஆறு கடலில் சேரும் இடத்தில் மண் விசிறியாகப் படிந்திருப்பது தெரிந்தது. இடுப்பிலிருந்த உருண்டை அலமாரிக்குப் போயிற்று. எல்லாவற்றையும் விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது உயரம் காட்டும் வரைபடம்தான். எந்த இடத்தைத் தொட்டாலும் அது எத்தனை மீட்டர் உயரம் என்று எண் வரும். பள்ளம் பச்சை, மேடு பழுப்பு. தங்கள் தெருவைத் தேடிப் பிடித்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்: சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் அவர்கள் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடம். பச்சைக்கு நடுவே பழுப்பாக ஒரு மேடு. சுற்றிலும் நாலு மீட்டர், பள்ளி மட்டும் பதினைந்து.

மேஸ்திரி மகள் ஒருத்தி இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். அவள் கேட்டாள்: "டீச்சர், நாம மலைமேல இருந்தா, மழை பெஞ்சா தண்ணி ஏன் நம்ம கிளாசுக்குள்ள வருது?"

"வாசல்ல சாக்கடை அடைச்சிருக்கு, அதான். படத்தப் பாரு," என்றார் டீச்சர்.

அப்படிச் சொன்னபோது அவருடைய செருப்பு ஈரமாக இருந்தது. அதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருடம் "நம் பகுதியை நாமே வரைவோம்" என்று ஒரு போட்டி. ஒன்பதாம் வகுப்பு மூன்று வாரம் உட்கார்ந்து, அறுநூறு இடங்களைத் தொட்டு எண் எடுத்து, நாலு சார்ட் அளவுக்கு வண்ணம் தீட்டி அனுப்பியது. முதல் பரிசு. ஷீல்டு தலைமையாசிரியரின் மேசையில், பிளக்குக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தது. நிவாரண அலுவலகத்துக்குத் தற்செயலாக அப்போதுதான் எண்களோடு கூடிய வரைபடம் தேவைப்பட்டது. எண்களோடு இருந்தது இது ஒன்றுதான். வெள்ளம் வந்தால் மக்கள் தங்கும் இடமாக இருபது வருடம் இருந்த பஸ் டிப்போவிலிருந்து முகாம் பலகையைக் கழற்றி, பள்ளி வாசலில் அடித்தார்கள். முகாம் பொறுப்பாளர்: ஒருங்கிணைப்பாளர். இரண்டு சாவி, ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று டீச்சரிடம்.

டீச்சரின் கணவர் அதே டிப்போவில் டைம் கீப்பர். பலகை போன அன்று வீட்டுக்கு வந்து, "எங்க போர்டையும் நீயே தூக்கிட்டியா? இனிமே வெள்ளம் வந்தா நான் உன்கிட்ட பர்மிஷன் கேட்டுத்தான் ஒதுங்கணும் போல," என்றார்.

டீச்சரின் நாத்தனார் குடும்பம் பள்ளிக்குப் பின்சந்தில் வாடகைக்கு இருந்தது. அவள் கணவரும் மூன்று பிள்ளைகளும் மாமியாரும் அங்கேதான். போன மழைக்குக் கட்டில் கால் நனைந்ததிலிருந்து வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தைப் பார்த்ததும் தேடலை விட்டுவிட்டாள். "அண்ணி போட்ட மேப்புல மலை நம்ம கொல்லைப்பக்கத்துலயே இருக்கே. நாலு எட்டு வச்சா ஏறிடலாம்." நாத்தனார் அண்ணி சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சருக்கு அன்று மனசு குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு மதியம் ஒரே ஒரு மணி நேரம் மழை. வகுப்பில் கணுக்கால் தண்ணீர். பிள்ளைகள் பழக்கப்பட்டவர்கள், காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். டீச்சர் டேப்லெட்டை எடுத்தார். வாசலுக்கு வெளியே தொட்டார்: நாலு. சுவரைத் தாண்டி உள்ளே தொட்டார்: பதினைந்து. நடுவில் சரிவே இல்லை. எந்த மலையும் செங்கல் சுவர் மாதிரி நேராக எழும்புவதில்லை என்று அவரே எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்று மாலை வரை உட்கார்ந்து, யாரும் திறக்காத உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கடைசிப் பக்கத்தில், கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருந்தது: இந்த உயரங்கள் வானிலிருந்து பார்க்கும்போது தெரியும் மேற்பரப்பின் உயரங்கள், மரங்களும் கட்டடங்களும் இதில் அடங்கும்.

கருவி கூரையைத் தரை என்று எண்ணிக்கொண்டிருந்தது. கிடங்கின் தகரக் கூரைதான் அந்தப் பழுப்பு மலை. அறுநூறு எண்ணும் சரிதான். படம்தான் பொய்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, மேஸ்திரியை ஒரு ஞாயிறு காலை வரச் சொன்னார். மகளிடம் சொல்லி அனுப்பினால் போதும் என்றிருந்தது. மேஸ்திரி தோளில் அறுபதடி டியூபைச் சுற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் ஊற்றிய, கண்ணாடி போல உள்ளே தெரிகிற சாதாரண பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், எவ்வளவு ஏற்றம் எவ்வளவு இறக்கம் என்று அளந்துவிடலாம்.

"இதுக்கு சார்ஜ் போட வேணாம் டீச்சர்," என்றார்.

பள்ளி வாசற்படியிலிருந்து டிப்போ கேட் வரை அரைக் கிலோமீட்டர். கூடவே வந்திருந்த ஒன்பதாம் வகுப்பு முறைவைத்து இரு முனையையும் பிடித்து, இருபத்தெட்டு முறை மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே போயிற்று. மேஸ்திரி மகள் நோட்டில் கூட்டினாள். டிப்போ, பள்ளியை விடப் பதினோரு அடி உயரம். வழியில் இருந்த எல்லா வாசலும் பள்ளியை விட உயரம். நாத்தனார் வீட்டு வாசல்கூட மூன்றடி உயரம். அவள் உயிர் பிழைக்க வேண்டுமானால் மூன்றடி கீழே இறங்கி வர வேண்டும்.

திரும்பி வந்து மேஸ்திரி கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். ஒரு வளையத்தைத் தூக்கி விட்டார். அது சுவரில் மோதி ஒலித்தது.

"பையா மாட்டுறீங்க இதுல? இது படகு கட்டுற வளையம் டீச்சர். இந்த ரோடு முன்னாடி கால்வாய். தண்ணி இந்த மட்டத்துக்கு வந்து நிக்கும்."

"அப்ப கிடங்குக்குள்ள தண்ணி வந்திருக்குமே?"

"வந்திருக்கும், வந்தா என்ன? உள்ள பாருங்க, அந்தச் சதுரக் குழியெல்லாம் உத்தரம் சொருகுன இடம். அந்த உயரத்துல பலகைத் தளம் போட்டு, சரக்கு மேல இருந்திருக்கு. கட்டுனவன் புத்திசாலி. பின்னாடி வந்தவன் யாரோ பலகையக் கழட்டி வித்துட்டான்." கொஞ்சம் யோசித்து, "நீங்க பாடம் நடத்துறது தளத்துக்கு அடியில," என்றார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல வளையங்களில் பையை மாட்டினார்கள். டீச்சர் அந்தப் பைகளின் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைமையாசிரியரிடம் போனார்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஷீல்டைப் பார்த்தார். "இப்ப இதத் திருப்பிக் கொடுக்கணும்ங்கறீங்களா?"

"ஷீல்டு இருக்கட்டும் சார். அந்தப் பலகைய மட்டும் டிப்போவுக்குத் திருப்பிக் கொடுத்துடலாம்."

"ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணக் கொடுத்தா கேள்வி கேப்பாங்க டீச்சர். ஒரு டியூப வச்சு அளந்தேன்னு மேல எழுத முடியுமா?"

நிவாரண அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் மட்டும் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "வரைபடம் தப்புன்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"வரைஞ்சது யாரு?"

"எங்க வகுப்பு. கையெழுத்துப் போட்டது நான்தான்."

"அப்ப ஒருங்கிணைப்பாளர் ஒப்புதலோட திருத்த மனு வரணும்."

"ஒருங்கிணைப்பாளரும் நான்தாங்க."

எழுத்தர் கண்ணாடியை இறக்கி அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அப்ப முதல்ல உங்ககிட்ட நீங்களே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போடுங்க. பதிலையும் இணைங்க. ரெண்டுக்கும் ஒரே தேதி போட்டுடாதீங்க, சந்தேகப்படுவாங்க."

டீச்சர் தமக்குத் தாமே கடிதம் எழுதி, தாமே பதிலும் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை என்றுகூட அவருக்கே தோன்றியது. கோப்பு நகர்ந்தது. ஆறாவது வாரம் உத்தரவு வந்தது: மழைக்காலம் முடிந்ததும் பரிசீலிக்கப்படும்.

நாத்தனாரிடம் நேரில் போய்ச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "அண்ணி, ஷீல்டு கொடுத்தவங்கல்லாம் மடையங்களா? வீடு பாக்கறேன்னு இத்தன நாள் அலைஞ்சேன், இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன். உங்களுக்கு அது பொறுக்கல."

தப்பாகச் சொன்னபோது ஊரே நம்பியது. சரியாகச் சொன்னபோது சொந்த நாத்தனார்கூட நம்பவில்லை. கையேட்டில் இதற்குப் பயிற்சி இல்லை.

நவம்பரில் மழை பிடித்தது. முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மூன்றாம் நாள், சனிக்கிழமை, மழை சற்று விட்டது. அதுதான் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. வானம் வெளுத்திருந்தது, தெருவில் காற்றே இல்லை, சாக்கடைத் தண்ணீர் வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி வண்டி வந்தது. மேலே அணையின் மதகுகளைத் திறக்கப் போகிறார்கள், தாழ்வான பகுதி மக்கள் உடனடியாகப் பள்ளி முகாமுக்குச் செல்லவும் என்று, கல்யாணத்துக்கு அழைப்பது போல இனிமையான குரலில் சொல்லிக்கொண்டு போயிற்று.

டீச்சர் கணவருக்குப் போன் செய்தார். "என்னங்க, டிப்போ கேட்டத் திறந்து வைக்க முடியுமா? ஜனங்கள அங்க அனுப்பறேன்."

"போர்டு உங்ககிட்ட இருக்கு. இங்க யாரையும் விடக் கூடாதுன்னு சுற்றறிக்கையே இருக்கும்மா."

"தெரியும்."

"எத்தன பேரு?"

"இருநூறு இருக்கும்."

"பாக்கறேன்," என்றார். அவர் பார்க்கிறேன் என்றால் பெரும்பாலும் மறந்துவிடுவார். டீச்சருக்கு அது தெரியும்.

பத்தரைக்குப் பள்ளி வாசலில் கூட்டம் சேர்ந்தது. மூட்டைகள், கைக்குழந்தைகள், ஒரு தையல் மிஷின், நாற்காலியோடு தூக்கி வரப்பட்ட ஒரு பெரியவர். முன்வரிசையில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் நாத்தனார். டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே தட்டிகளுக்கு நடுவே தரை கறுப்பாக மின்னியது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. எல்லாரும் பார்க்க அவர் சங்கிலியைச் சுற்றிப் பூட்டைப் போட்டார்.

போன் அடித்தது. தலைமையாசிரியர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பாலத்தை மூடிவிட்டதால் அவரால் வர முடியவில்லை.

"டீச்சர், திறந்துட்டீங்களா?"

"வாசல்லதான் சார் நிக்கிறேன். பூட்டிட்டேன்."

"என்ன பேசறீங்க? என் சாவி இங்க இருக்கு. உங்களை விட்டா திறக்க ஆளில்ல."

"ஆமா சார். அதான் பூட்டினேன்."

"வேலை போயிடும். நான் காப்பாத்த முடியாது."

"சரி சார்."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "ஏம்மா, ஜனங்க உயிரோட விளையாடறியா?"

"இந்தப் படம் தப்பு," என்றார் டீச்சர். "நான்தான் போட்டேன். இது மேடு இல்ல, இந்த வட்டாரத்துலயே இதான் பள்ளம்." குரல் மூன்றாவது வரிசை வரை கேட்டிருக்கும். பின்வரிசைக்கு முன்வரிசை சொல்லிற்று, வழக்கம்போலக் கொஞ்சம் மாற்றி.

"ஷீல்டு வாங்கறப்ப சரியா இருந்துச்சாக்கும்?" என்றது பின்வரிசை.

நாத்தனார் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணி, என் மேல இருக்கற கோவத்த இவங்க மேலயா காட்டறது? சாவியக் கொடுங்க."

"கொடுக்க மாட்டேன். வேணும்னா என்னை அடி."

இரண்டு பேர் பூட்டை உடைக்கக் கல்லைத் தேடினார்கள். ஒருவருக்குக் கிடைத்தது. அவர் கையை ஓங்கிய நேரம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. இரண்டு பஸ்கள், சக்கரம் பாதி தண்ணீரில், ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. முன்படியில் டைம் கீப்பர் சீட்டி ஊதிக்கொண்டு நின்றார். "டிப்போ, டிப்போ! ஏறுங்க. டிக்கெட் கிடையாது."

இருபது நிமிடமாக எந்த நியாயத்துக்கும் அசையாத கூட்டம் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்கு அசைந்தது. கல்லை ஓங்கியவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலோர இடம் பிடித்தார். நாத்தனார் கடைசியாக ஏறினாள். ஏறும்போது, "அண்ணன் கூப்பிட்டதால வரேன், உங்களுக்காக இல்ல," என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார்.

இரண்டரை மணிக்கு மதகு தண்ணீர் வந்தது. டிப்போ மதில்மேல் நின்றவர்கள் பார்த்தார்கள். சத்தமே இல்லை, தெருக்கள் ஒவ்வொன்றாக நிரம்பின, அவ்வளவுதான். முதலில் பள்ளி வாசல் மறைந்தது. பிறகு வளையங்கள் மறைந்தன. பிறகு ஜன்னல்களின் அடிப்பாகம். மறுநாள் காலை அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு மேலே தெரிந்தது சுவரின் மேற்பகுதியும் பழுப்பேறிய தகரக் கூரையும் மட்டும்தான், டேப்லெட் காட்டிய மலை மாதிரியே. நாத்தனார் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைகளை எண்ணினாள். ஒரு முறை எண்ணி, இன்னொரு முறையும் எண்ணினாள்.

நிவாரண அலுவலகத்தின் அறிக்கை பள்ளி முகாமில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை என்று பெருமையோடு குறிப்பிட்டது. அது உண்மைதான், உள்ளே யாரும் இல்லை. டைம் கீப்பருக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியில்லாத தடத்தில் இரண்டு டிரிப். டீச்சரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து விசாரணை வைத்தார்கள். இருபது டேப்லெட்டுகளை ஏன் காப்பாற்றவில்லை என்று விசாரணை அதிகாரி மூன்று முறை கேட்டார். அவை ஞாபகத்துக்கே வரவில்லை என்று டீச்சர் மூன்று முறையும் சொன்னார். பலகை இன்னும் பள்ளி வாசலில்தான் இருக்கிறது; கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த மழைக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று இன்னும் முடிவாகவில்லை.

விசாரணைக் கோப்பில் "நடந்தது" என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிதான் இருக்கிறது. அதை டீச்சர் மறுக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, திறக்கும்படி தமக்குச் சொல்லப்பட்ட கதவை அவர் பூட்டினார். உள்ளே போக வந்திருந்த இருநூற்றுப் பதினேழு பேரில் ஒருவரையும் உள்ளே விடவில்லை.